தியாகமா? வீணா? ஈராக் யுத்தத்தில் மாண்ட சிப்பாய்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். யுத்தங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “அமெரிக்கச் சிப்பாய்கள் ஈராக்கில் வீணாகச் செத்தார்கள்” என்று ஒருவர் சொன்னார். உடனே அந்தத் தோழர் எழுந்தார. அவருடைய மகன் பட்டாளத்தில் இருக்கிறான். “எந்த நாட்டுக்காரனாயிருந்தால் என்ன, அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவன் சாவை வீண் என்று சொல்ல நாம் யார்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் அமைதியாகிவிட்டது.

நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நம்முடைய தெருக்களிலிருந்து பட்டாளத்துக்குப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர்; வீட்டுக்கு ஒருவராவது பட்டாளம் பார்த்தவர் என்று பேர்பெற்ற ஊர். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் கலெக்டருக்கும் டாக்டருக்கும் படிக்கிறார்கள். சிப்பாய் வேலைக்கு வரிசையில் நிற்பவன் யார் மகன் என்று உங்களுக்கே தெரியும்.

இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. 2007 பிப்ரவரியில், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடக் கிளம்பிய ஒபாமா, அயோவா மாகாணத்தில் பேசும்போது, 3,000-க்கு மேற்பட்ட அமெரிக்க வாலிபர்களின் உயிர் ஈராக்கில் வீணடிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வாய் தவறி வந்துவிட்டது, வருந்துகிறேன், சிப்பாய்களின் தியாகம் ஒருநாளும் வீணாகாது என்று அவர் பின்வாங்கினார். அந்த மாதக் கடைசியில் எதிர்க்கட்சிக்காரர் மக்கெய்ன், யுத்தத்தைத் தொடர வேண்டும் என்று வாதாடியவர், தாமே வியட்நாமில் யுத்தக் கைதியாய் இருந்தவர், தொலைக்காட்சியில் பேசும்போது அதே ‘வீண்’ என்ற சொல்லைப் போட்டார். அவரும் உடனே திருத்திக்கொண்டார்: ‘தியாகம்’ என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

இருவரும் நேரெதிர்க் கட்சி. ஒருவர் யுத்தம் வேண்டாம் என்றவர், மற்றவர் வேண்டும் என்றவர். இருவர் வாயிலும் தானாக வந்த சொல் எது? ஆலோசகர்களைக் கேட்டுத் திருத்திய பிறகு வந்த சொல் எது? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் எப்படி வந்தது? 2003 பிப்ரவரி 5-ந் தேதி அமெரிக்க வெளிநாட்டு மந்திரி காலின் பவல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புக் கவுன்சிலுக்கு வந்தார். படங்களைக் காட்டினார், ஒலிப்பதிவுகளைப் போட்டார். சதாம் உசேனிடம் நாசகார ஆயுதங்கள் இருக்கின்றன, சந்தேகமேயில்லை என்றார். கவுன்சில் யுத்தத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. கொடுக்காமலேயே மார்ச் 20-ல் குண்டு விழ ஆரம்பித்தது. மே 1-ந் தேதி ஜனாதிபதி புஷ் விமானந்தாங்கிக் கப்பலொன்றில் வந்திறங்கி, காரியம் முடிந்தது என்று எழுதிய பதாகைக்கு முன்னால் நின்று பேசினார். பிறகு ஆயுதங்களைத் தேடினார்கள். பாலைவனத்தைத் தோண்டினார்கள், ஆலைகளைக் குடைந்தார்கள். அவர்களே அனுப்பிய தேடுதல் குழு 2004 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது: ஆயுதக் குவியல் எதுவும் இல்லை. அந்தப் பேச்சு தம் பெயரில் விழுந்த கறை என்று பவலே 2005-ல் ஒப்புக்கொண்டார். கறை அவர் பெயரில். ரத்தம் யாருடையது?

காரியம் முடிந்தது என்று சொன்ன பிறகுதான் சாவு பெருகிற்று. 2011 டிசம்பரில் பட்டாளம் வெளியேறும்போது இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 4,400-க்கும் மேல். பிரிட்டிஷார் 179 பேர். காயம்பட்ட அமெரிக்கர் 30,000-க்கும் அதிகம். கையில்லாமல், காலில்லாமல், தூக்கம் இல்லாமல் வீடு திரும்பியவர்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தியாகம் என்றால் என்ன? இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைநிறுத்தம் செய்கிறோம். ஒரு மாதக் கூலி போய்விடுகிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெரிந்துதான் விடுகிறோம், எதற்கு என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். அது தியாகம். அதே கூலியை மேஸ்திரி பொய்க்கணக்கு எழுதிப் பிடித்துக்கொண்டால்? அப்போதும் வீட்டில் அடுப்பு எரியாதுதான். அதைத் தியாகம் என்று முதலாளி மெச்சினால் நாம் ஒப்புக்கொள்வோமா? பட்டினி ஒன்றுதான், கொடுத்தது வேறு, பிடுங்கியது வேறு.

ஈராக்கில் செத்தவனிடம் பொய்க்கணக்குக் காட்டி உயிரைப் பிடித்துக்கொண்டார்கள். உன் ஊரைக் காப்பாற்றப் போகிறாய் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் நம்பினான். அவன் தைரியம் பொய்யல்ல, அவன் பக்கத்திலிருந்தவனைக் காப்பாற்றப் பாய்ந்து செத்திருந்தால் அந்தப் பாய்ச்சல் பொய்யல்ல. அந்த நிமிஷத்தில் அவன் தோழனுக்காகக் கொடுத்தது தியாகமேதான். அதை எவனும் மறுக்க முடியாது, நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவனை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியவனுக்கு அந்தச் சொல்லில் பங்கு கிடையாது. மகனைப் பறிகொடுத்த தாய் ‘தியாகம்’ என்று சொன்னால் தலைகுனிந்து கேட்பேன். அனுப்பிய மந்திரி சொன்னால் கணக்கைக் காட்டு என்பேன்.

மந்திரி எப்படிச் சொன்னார் தெரியுமா? இறந்த சிப்பாயின் வீட்டுக்கு அனுதாபக் கடிதம் போகும். யுத்த மந்திரி ரம்ஸ்பெல்டின் பேரில் போகும். அந்தக் கையெழுத்தைப் போட்டது அவர் கையல்ல, ஒரு யந்திரம்! 2004 டிசம்பரில் இது வெளியே வந்துவிட்டது. இனிமேல் நானே கையெழுத்திடுகிறேன் என்றார் அவர். அதற்குள் ஆயிரம் வீடுகளுக்கு மேல் யந்திரக் கையெழுத்து போய்ச் சேர்ந்திருந்தது. அதே மாதத்தில்தான் குவைத்தில் ஒரு சிப்பாய் எழுந்து அவரை நேருக்கு நேர் கேட்டான்: எங்கள் லாரிகளுக்கு இரும்புத் தகடு வேண்டி நாங்கள் ஏன் குப்பைமேட்டைக் கிளற வேண்டியிருக்கிறது? இருக்கிற பட்டாளத்தை வைத்துக்கொண்டுதான் யுத்தத்துக்குப் போக முடியும் என்று பதில் வந்தது. பாதுகாப்பு மூடி இல்லாத யந்திரத்தில் நிற்கிறவனுக்கு மானேஜர் சொல்கிற பதில் வேறு எப்படி இருக்கும்?

தியாகம் என்ற சொல்லுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, அதுதான் ஆபத்தானது. 2005 ஆகஸ்ட் 6-ந் தேதி சிண்டி ஷீஹன் என்ற தாய், டெக்ஸாஸில் புஷ் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பண்ணைக்குப் போகும் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகன் கேசி 2004 ஏப்ரல் 4-ல் பாக்தாதில் செத்தவன், வயது 24. எந்த மேலான நோக்கத்துக்காக என் மகன் செத்தான், அதை ஜனாதிபதி என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றாள். அவர் வெளியே வந்து அவளைப் பார்க்கவில்லை. அந்த மாதம் 22-ந் தேதி பழைய சிப்பாய்களின் மாநாட்டில் பேசினார். ஈராக்கில் 1,864 பேரை இழந்திருக்கிறோம், அவர்கள் எதற்காக உயிர் கொடுத்தார்களோ அந்த வேலையை முடிப்பது நம் கடமை என்றார்.

கேளுங்கள் தோழர்களே! 1,864 பேர் செத்தது வீணாகக் கூடாது. ஆகவே இன்னும் சாகட்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு செத்தவர்கள் 2,500-க்கும் மேல்! அவர்களும் தியாகிகள், அவர்களுக்காக இன்னும் கொஞ்சம் பேர். கந்துவட்டிக்காரனிடம் பட்ட கடனை அடைக்க அவனிடமே கடன் வாங்குகிறவன் கதைதான். செத்தவனைச் சாட்சிக்கு இழுத்து உயிரோடிருப்பவனைக் களத்துக்குத் தள்ளுகிறார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்க முடியாது என்ற தைரியம்! அதனால்தான் அந்த இரண்டு அரசியல்வாதிகளின் வாய் தவறுதலைக் கண்டு அத்தனை கலவரம். வீண் என்ற சொல்லை ஒருமுறை ஜனங்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த கப்பலில் பிள்ளைகளை ஏற்ற முடியாது.

அப்படியானால் வீண் என்பது சரியா? அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். விடிந்து போய்ப் பார்க்கிறீர்கள், வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கரை உடைந்து ஓடையில் போயிருந்தால் தண்ணீர் வீணாயிற்று என்போம். ஆனால் கொஞ்சம் நடந்து போய்ப் பார்த்தால், மடையை வெட்டித் திருப்பி, பெரிய பண்ணையின் வயலில் கெண்டைக்கால் ஆழம் நிற்கிறது! அதை வீண் என்று யாராவது சொல்வார்களா?

சிப்பாயின் ரத்தம் யார் வயலில் பாய்ந்தது? அப்போது உப ஜனாதிபதியாக இருந்த செனி, 1995 முதல் 2000 வரை ஹாலிபர்ட்டன் என்ற கம்பெனியின் தலைவர். யுத்தம் வந்ததும் எண்ணெய்க் கிணறுகளைச் சீர்செய்யும் ஒப்பந்தம் போட்டியே இல்லாமல் அதன் கிளைக் கம்பெனிக்குப் போயிற்று. சாப்பாடு, துணி துவைப்பு, முகாம் கட்டுவது எல்லாம் அதற்கே. ஆயிரக்கணக்கான கோடி டாலர். அந்தக் கம்பெனி பராமரித்த முகாம்களில் ஒன்றில், 2008 ஜனவரியில், ஒரு சிப்பாய் குளிக்கப் போனான். தண்ணீர் பம்புக்கு எர்த் கம்பி இல்லை. மின்சாரம் தாக்கிச் செத்தான். எங்கள் மேல் குற்றமில்லை என்றது கம்பெனி. இந்தச் சாவை எந்தப் பட்டியலில் எழுதுவது? ஆலைத் தொழிலாளியைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவான்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஈராக் தன் எண்ணெயை 1972-ல் தேசவுடைமை ஆக்கத் தொடங்கியது. 2009-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஏல மேடைக்கு வந்தன. எல்லாமே அமெரிக்கனுக்குப் போயிற்று என்று மேடைக்காகச் சொன்னால் அது பொய். பிரிட்டிஷ் கம்பெனியும் சீனக் கம்பெனியும் சேர்ந்து ருமைலா வயலை எடுத்தன. அமெரிக்க எக்ஸானுக்கு மேற்குக் குர்னாவில் ஒரு வயல் கிடைத்தது. எந்தக் கம்பெனியானால் என்ன, எந்தச் சிப்பாயின் தாய்க்கும் அதில் ஒரு பீப்பாய்கூட வரவில்லை.

போனவன் யார் என்றும் பாருங்கள். அங்கே கட்டாய ராணுவச் சேவை இல்லை. சுயமாகச் சேர்ந்தவர்கள்தானே என்று வாதிடுவார்கள். முதன்முதலில் செத்தவர்களில் ஒருவன் குவாத்தமாலாவில் பிறந்த அநாதைப் பையன். தெருவில் வளர்ந்து, மெக்ஸிகோ வழியாகக் கூட்ஸ் ரயிலில் தொற்றிக்கொண்டு, அனுமதிச் சீட்டில்லாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்தவன். பட்டாளத்தில் சேர்ந்தான். 2003 மார்ச் 21-ந் தேதி உம் கஸர் துறைமுகத்தின் அருகே, தன் பக்கத்தாரின் குண்டே தவறிப் பாய்ந்து செத்தான். செத்த பிறகு அமெரிக்கப் பிரஜை என்று பட்டம் கொடுத்தார்கள்! காலேஜ் சம்பளத்துக்காகச் சேர்ந்தவன், வைத்தியச் செலவுக்காகச் சேர்ந்தவன், ஊரில் சுரங்கம் மூடியதால் சேர்ந்தவன். வயிறு தள்ளிக்கொண்டு போவதைச் சுயவிருப்பம் என்று சொல்ல எஜமானர்களுக்குத்தான் வாய் வரும்.

எல்லா யுத்தச் சாவும் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1942-43 குளிர்காலத்தில் ஸ்டாலின்கிராடின் இடிந்த ஆலைகளுக்குள் நின்று செத்த தொழிலாளியை யாரும் ஏமாற்றி அனுப்பவில்லை. ஹிட்லரின் பட்டாளம் அவன் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. அங்கேயும் மேலதிகாரியின் மூடத்தனத்தால் சாகவேண்டாத நேரத்தில் செத்தவர்கள் உண்டு, அதை மறைப்பானேன்? ஆனால் எதற்காக நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். சதாமின் பட்டாளத்தில் இருந்த குடியானவப் பிள்ளையின் கதி இன்னும் சிக்கலானது. ஒரு கொடுங்கோலன் அவனை இழுத்து வந்து நிறுத்தினான். அவன் நின்ற மண்ணோ அவனுடையது. அவனைப் பற்றி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனில் ரெக் கீஸ் என்று ஒருவர். ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர். அவர் மகன் டாம் ராணுவப் போலீஸில் இருந்தான். 2003 ஜூன் 24-ல் மஜர் அல் கபீர் என்ற ஊரில் அவனும் கூட இருந்த ஐந்து பேரும் கூட்டத்திடம் சிக்கிக் கொல்லப்பட்டார்கள். போதிய தோட்டா இல்லை. உதவிக்கு அழைக்கத் தொலைபேசி இல்லை. 2005 பொதுத் தேர்தலில் அந்தத் தகப்பன் பிரதம மந்திரி பிளேரை எதிர்த்து, பிளேரின் சொந்தத் தொகுதியான செட்ஜ்பீல்டிலேயே நின்றார். தோற்றார்; ஆனால் 4,000-க்கு மேல் ஓட்டு. முடிவு அறிவித்த மேடையில் அவர் இறந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, பின்னால் பிளேர் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலை 6-ந் தேதி சில்காட் விசாரணைக் குழு அறிக்கை வந்தது: சமாதான வழிகள் தீருமுன்பே யுத்தத்தில் இறங்கினார்கள், அது கடைசி வழியாக இருக்கவில்லை. 13 வருஷம் கழித்து!

என்னிடம் கேட்ட தோழருக்கு இதைத்தான் சொல்வேன். வீண் என்று சொல்வது சிப்பாயை அவமதிப்பதாகாது. ரெக் கீஸ் தம் மகனை அவமதித்தாரா? அவன்மேல் கொண்ட பாசத்தால்தான் மேடையேறினார். உங்கள் மகன் நம் எல்லையைக் காக்க நிற்கிறான். நாளைக்கு எவனாவது ஒரு பொய்யைச் சொல்லி அவனைக் கண்காணாத பாலைவனத்துக்கு அனுப்பப் பார்த்தால், போகுமுன்பே கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இது வெறும் பேச்சல்ல. 2003-ல் அமெரிக்கா நம் சர்க்காரிடம் ஒரு டிவிஷன், சுமார் 17,000 பேர், ஈராக்குக்கு வேண்டும் என்று கேட்டது. டில்லியில் அனுப்பலாம் என்று பேசியவர்கள் உண்டு. ஏற்கெனவே ஏப்ரலில் நம் பாராளுமன்றம் அந்த யுத்தத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. இடதுசாரிகளும் மற்றக் கட்சிகளும் எதிர்த்தார்கள். ஜூலை 14-ந் தேதி, ஐக்கிய நாடுகளின் கட்டளை இல்லாமல் அனுப்புவதற்கில்லை என்று வாஜ்பாய் சர்க்கார் முடிவு செய்தது. அந்த 17,000 பேரில் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? அப்படி மாலையும் பீரங்கி மரியாதையும் இல்லாமல், உயிரோடு வீடு வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கலாம்.

ஏனென்றால் அந்த மண்ணில் நம்மவர் ஏற்கெனவே செத்திருக்கிறார்கள். முதல் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் இந்தியப் பட்டாளத்தை மெசபொட்டேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, கொண்டுபோனான். நம் மதராஸ் சாப்பர்களும் போனார்கள். குட் என்ற ஊரில் மாதக்கணக்கில் முற்றுகை; குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். 1916 ஏப்ரல் 29-ல் சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர். கைதிகளாகப் பாலைவனத்தில் நடந்தே செத்தவர் ஏராளம். 1917-ல் பாக்தாதைப் பிடித்த ஜெனரல் மாட், வெல்ல வரவில்லை, விடுவிக்க வந்தோம் என்று பிரகடனம் செய்தார். 2003-ல் வந்தவர்களும் விடுதலை என்றுதான் பேர் வைத்தார்கள். 1927-ல் கிர்க்கூக் அருகே எண்ணெய் பீறிட்டது. அந்த விடுதலைக்கு அர்த்தமும் விளங்கிற்று.

பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். கல்லறை தெரியாத 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் பேர் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பேர். சாதாரணச் சிப்பாய்க்கு, இந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மாத்திரம்! தியாகம் என்று பிரசங்கம் செய்தவனுக்குத் தியாகியின் பேர்கூட வேண்டியிருக்கவில்லை. 2021-ல்தான் அந்தக் கல்லறைக் கமிஷன் இதற்கு மன்னிப்புக் கேட்டது. யார் மிச்சம், கேட்டுக்கொள்ள?

சிப்பாய்க் கணக்கிலும் சேராத சாவுகள் வேறு. செத்த ஈராக்கியப் பொதுஜனங்கள், பதிவானவர்கள் மாத்திரமே, ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களைப் பற்றித் தியாகமா வீணா என்று வாஷிங்டனில் எவரும் விவாதிக்கவில்லை. 2004 ஆகஸ்டில் 12 நேபாளி வாலிபர்களைக் கடத்திப்போய்க் கொன்றார்கள். ஜோர்டானில் வேலை என்று ஏஜெண்டு சொல்லி, கடன் வாங்கிப் புறப்பட்டவர்கள். அமெரிக்க முகாமுக்கு வேலைக்குக் கொண்டுபோகும் வழியில் பிடிபட்டார்கள். குடியானவக் குடும்பங்கள். கடன் வீட்டில் நின்றது.

கடைசியாக, தடுத்தவர்களைப் பற்றி. 2003 ஜனவரியில், யுத்தம் தொடங்குமுன்பே, ஸ்காட்லாந்தில் மதர்வெல் என்ற ஊரில் ரயில் டிரைவர்கள் இருவர், வெடிமருந்து ஏற்றிய கூட்ஸ் வண்டியை ஓட்டமாட்டோம் என்று மறுத்தார்கள். இரண்டே பேர்! மேலதிகாரிகள் கெஞ்சியும் நடக்கவில்லை. 2008 மே தினத்தன்று அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள், யுத்தத்தை நிறுத்து என்று வேலைக்குப் போகவில்லை. முதலாளிகள் மத்தியஸ்தரிடம் ஓடினார்கள். வேலைக்குப் போ என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் போகவில்லை. சியாட்டில் முதல் சான் டியாகோ வரை 29 துறைமுகங்களில் பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. அதே நாளில் ஈராக்கில் உம் கஸர் துறைமுகத் தொழிலாளர்களும், அமெரிக்கத் தோழர்களுக்கு ஆதரவாக, ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள்.

இரவு ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிறீர்கள். சங்கு ஊதுகிற நேரம். மற்றவர்கள் இருந்து கேள்வி கேட்கலாம்.